இரவு 8:55: ஒரு தற்காப்பு வீரரின் இதயம் நின்றதும், அடுத்த சில நிமிடங்களும் (நிகழ்வு ஆய்வு)

நிகழ்வு, சுருக்கமாக

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பேகோர் மைதானம். பஃபலோ பில்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பில்ஸ் அணியின் 24 வயதுத் தற்காப்பு வீரர் ஒருவர், பந்தோடு ஓடி வந்த எதிரணி வீரரை மறித்து வீழ்த்தினார். எழுந்து நின்றார். ஓரிரு அடி வைத்தார். அப்படியே மல்லாந்து சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. 2 கோடிப் பேருக்கு மேல் தொலைக்காட்சி நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். ஏழு மாதம் கழித்து மறுபடி களத்தில் இறங்கினார். "அதிசயம்" என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அன்று இரவு நன்றாக நடந்தவற்றில் பெரும்பகுதி முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்து வைத்தது. தடுமாற்றம் வந்ததோ, யாரும் எழுதி வைக்காத ஓரிடத்தில். இந்தப் பதிவு முக்கியமாக அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

ஆட்டக்காரர் யார் என்று விளையாட்டுச் செய்தி படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. யார் செய்தார் என்பதைவிட எந்தப் பொறுப்பில் இருந்தவர் என்ன செய்தார் என்பதே இங்கே முக்கியம்.

பின்னணி: ஆறாம் சுற்றில் வந்தவர்

பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டி, ஒஹையோ ஆற்றங்கரையில் மக்கீஸ் ராக்ஸ் என்றொரு சிற்றூர். ரயில் பெட்டித் தொழிற்சாலையும் எஃகும் கொடிகட்டிப் பறந்து, பிறகு தேய்ந்துபோன ஊர். நம் ஆட்டக்காரர் 1998இல் பிறந்து வளர்ந்தது அங்கேதான். பள்ளி முடிந்ததும் பெரிய பெரிய பல்கலைக்கழக அணிகள் அழைத்தன. அவர் உள்ளூரிலேயே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குடும்பத்தோடும் சின்னத் தம்பியோடும் இருக்க வேண்டும் என்பது காரணம்.

அவர் ஆடும் இடத்துக்கு சேஃப்டி என்று பெயர். தற்காப்பு வரிசையில் கடைசி ஆள். முன்னால் நிற்பவர்களை எல்லாம் தாண்டி எதிரணிக்காரன் பந்தோடு வந்துவிட்டால், புள்ளி போகாமல் தடுக்க வேண்டியது இவர் பொறுப்பு. ஓடி வருபவரும் முழு வேகம், மறிப்பவரும் முழு வேகம். கபடியில் பிடிப்பவர்கள் நாலு பேராகச் சேர்ந்து மடக்குவார்கள். சேஃப்டிக்குப் பல நேரம் அந்தத் துணை கிடையாது.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் தேர்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2021இல் நடந்த டிராஃப்ட் தேர்வில் பில்ஸ் அணி அவரை ஆறாம் சுற்றில், 212ஆவது ஆளாக எடுத்தது. ஏழு சுற்று கொண்ட தேர்வில் இது கிட்டத்தட்டக் கடைசி வரிசை. இப்படி வருபவர்களுக்கு இடம் உறுதியில்லை, சம்பளமும் முழு உறுதியில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது: 2022க்கு அடிப்படைச் சம்பளம் 8,25,000 டாலர், காயப்பட்டோர் பட்டியலுக்குப் போனால் ஆண்டுக்கு 4,55,000 டாலர் என்ற விகிதம். இந்தப் பிரிவு பின்னால் மறுபடி வரும்.

2022 செப்டம்பர் 19 அன்று அணியின் மூத்த சேஃப்டி ஒருவருக்குக் கழுத்தில் காயம். அவர் இடம் நம் ஆட்டக்காரருக்கு வந்தது. கிடைத்த வாய்ப்பை அவர் விடவில்லை. அந்தப் பருவத்தில் 13 ஆட்டங்களில் தொடக்க வரிசையில் இறங்கி 91 டேக்கிள்கள் (எதிராளியை மறித்து வீழ்த்துவது) செய்தார்.

அதே செப்டம்பர் இரவில் இன்னொன்றும் நடந்தது. அவருடைய பல்கலைக்கழகத் தோழரான இன்னொரு தற்காப்பு வீரருக்கும் கழுத்தில் அடிபட்டு, மைதானத்துக்குள்ளேயே ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. பிறகு ஆட்டம் தொடர்ந்தது. பெரிய பாதிப்பு இல்லை, தோழர் சில வாரங்களில் திரும்பிவிட்டார். ஆம்புலன்ஸ் வரும், போகும், பிறகு விசில் ஊதுவார்கள்: இந்த விளையாட்டில் அதுதான் பழக்கம். ஜனவரி 2ஐப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மோதல்

முதல் கால்பகுதியில் 5 நிமிடம் 58 வினாடி மிச்சம். சின்சினாட்டி 7, பஃபலோ 3. சின்சினாட்டி வீரர் 13 கெஜம் வந்த ஒரு பந்தைப் பிடித்துத் திரும்பி, தோளைத் தாழ்த்திக்கொண்டு முன்னேறினார். அந்தத் தோள் நம் ஆட்டக்காரரின் நெஞ்சில் இடித்தது. இருவரும் விழுந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது ஒரு சாதாரண மோதல். ஒரே ஆட்டத்தில் இதைவிட பலமான இடி பத்துத் தடவை வரும். விதிமீறல் எதுவும் இல்லை, நடுவர் கொடி எதுவும் வீசவில்லை.

அவர் எழுந்து நின்றது கவனிக்க வேண்டிய விஷயம். இதயத் துடிப்பு குலைந்த பிறகும் மூளையில் மிச்சம் இருக்கும் ரத்தமும் ஆக்சிஜனும் சில வினாடி தாங்கும். அதனால்தான் ஆள் எழுவார், நிற்பார், சில நேரம் நடக்கவும் செய்வார், பிறகு விழுவார். "எழுந்துவிட்டாரே, ஒன்றுமில்லை" என்று திரும்பிக்கொள்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முதல் தீர்மானம்: இது மயக்கம் இல்லை

இந்த விளையாட்டில் ஒருவர் அசையாமல் கிடந்தால் முதலில் சந்தேகப்படுவது தலையையும் கழுத்தையும். கழுத்தெலும்பை அசைக்காமல் தாங்கிப் பிடிக்க வேண்டும், ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்று அதற்குத் தனி முறைகள் உண்டு. ஓடி வந்த மருத்துவக் குழு அந்தப் பாதையிலேயே போயிருந்தால் நேரம் கரைந்திருக்கும். அவர்கள் நாடியைப் பார்த்தார்கள். இல்லை. வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். குலைந்த இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஏ.இ.டி கருவியை மாட்டி அதிர்ச்சி கொடுத்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்தார்கள். துடிப்பு திரும்பியது மைதானத்துப் புல் மேலேயே.

இந்த வேகத்துக்குக் காரணம் தனி ஆள் திறமை மட்டுமில்லை. இந்த ஆட்டங்களை நடத்தும் லீக்கான என்.எஃப்.எல்.லின் ஆட்டம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 மருத்துவப் பணியாளர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு மைதானத்துக்கும் எழுதப்பட்ட அவசரகாலத் திட்டம் உண்டு. ஆட்டம் தொடங்க 60 நிமிடம் இருக்கும்போது இரு அணி மருத்துவர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், மூச்சுக்குழாய் நிபுணர், நடுவர்கள் எல்லோரும் கூடி நின்று பேசுவார்கள்: ஏ.இ.டி எங்கே இருக்கிறது, ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக வரும், எந்த மருத்துவமனை, யார் தலைமை. பில்ஸ் வெளியூர் அணி. அவர்களுக்கு அந்த மைதானம் பழக்கமில்லை. அந்தக் கூட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அன்றைய இரவே பதில்.

இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலையில் (ஃபிப்ரிலேஷன்) இருக்கும்போது, நெஞ்சை அழுத்தும் முதலுதவியான சி.பி.ஆரும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது பொதுவான கணக்கு. பத்து நிமிடம் போனால் கையில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது.

அவருடைய அம்மா அன்று மைதானத்தில்தான் இருந்தார். மகனோடு ஆம்புலன்ஸில் அவரும் ஏறினார். சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போனார்கள். விபத்து சிகிச்சையில் முதல் தரம் பெற்ற மருத்துவமனை அது.

இரண்டாவது தீர்மானம்: ஆட்டத்தை என்ன செய்வது

இங்கேதான் எழுதப்பட்ட தாள் தீர்ந்துபோனது.

புல்லில் சிகிச்சை நடந்தபோது பில்ஸ் வீரர்கள் கேமராவுக்குத் தெரியாதபடி சுற்றிலும் வட்டமாக நின்றார்கள், மண்டியிட்டார்கள். பலர் அழுதார்கள். ஆம்புலன்ஸ் போனது. அடுத்து என்ன? ஐந்து நிமிடம் உடலைத் தயார்ப்படுத்திக்கொண்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நேரலை வர்ணனையாளர் சொன்னார். லீக் அதிகாரிகளோ அன்று இரவே அப்படி யாரும் சொல்லவில்லை, அப்படி யோசிக்கவும் இல்லை என்று மறுத்தார்கள். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. மருத்துவப் பக்கத்தில் இப்படி ஒரு முரண் எழவே இடமில்லாமல் இருந்தது, ஆட்டத்தின் பக்கத்தில் இருந்தது. அதுவே போதுமான தகவல்.

கடைசியில் முடிவு இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களிடமிருந்து வந்தது. சின்சினாட்டி பயிற்சியாளர் பஃபலோ பயிற்சியாளரிடம் நடந்து போனார். தான் அந்தப் பையனோடு மருத்துவமனையில் இருக்க வேண்டும், இந்த ஆட்டத்துக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று பஃபலோ பயிற்சியாளர் சொன்னார். வீரர்களை உடைமாற்றும் அறைக்கு அனுப்பினார்கள். விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, இரவு 10 மணிக்கு, அன்றைய ஆட்டம் தள்ளிவைக்கப்படுவதாக லீக் அறிவித்தது. ஜனவரி 5 அன்று, அந்த ஆட்டம் இனி நடக்காது என்று முடிவானது. பருவ ஆட்டம் ஒன்று மறுபடி ஆடப்படாமலே ரத்தானது 1987 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பயிற்சியாளர்கள் நல்லவர்கள், சரியாக முடிவெடுத்தார்கள். ஆனால் அவர்கள் அன்று வேறு மாதிரி ஆட்களாக இருந்திருந்தால்? செப்டம்பரில் ஆம்புலன்ஸ் போனதும் ஆட்டம் தொடர்ந்ததை நினைத்துப் பாருங்கள். பழக்கம் அந்தப் பக்கம்தான் இழுத்தது.

1971இல் டெட்ராய்ட் நகரில் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு வீரர் மைதானத்திலேயே விழுந்து இறந்தார். அவருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. என்.எஃப்.எல். வரலாற்றில் களத்தில் நேர்ந்த ஒரே மரணம் அது. அன்று அந்த ஆட்டத்தை ஆடி முடித்தார்கள்.

மருத்துவமனையில்

முதல் இரண்டு நாள் மயக்க மருந்திலும் வென்டிலேட்டரிலும் வைத்திருந்தார்கள். ஜனவரி 4 இரவு கண் விழிக்கத் தொடங்கினார். பேச முடியாது, தொண்டையில் குழாய். கையில் தாளைக் கொடுத்தபோது அவர் எழுதிய முதல் கேள்விகளில் ஒன்று: யார் ஜெயித்தது? "நீங்கள்தான்" என்று மருத்துவர்கள் பதில் சொன்னார்கள். கேட்கச் சிரிப்பு வரலாம். மருத்துவர்களுக்கு அந்தக் கேள்வி ஒரு பரிசோதனை முடிவு: எங்கே இருந்தோம் என்பது நினைவிருக்கிறது, எழுத முடிகிறது, மூளை தப்பித்தது.

6ஆம் தேதி குழாயை எடுத்தார்கள். அன்றே காணொளி அழைப்பில் அணிக் கூட்டத்தில் தலைகாட்டினார். 8ஆம் தேதி பில்ஸ் அடுத்த ஆட்டத்தில் இறங்கியது. முதல் உதையிலேயே அவர்கள் வீரர் பந்தை 96 கெஜம் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நம் ஆள் துள்ளிய துள்ளலில் அங்கிருந்த கருவிகள் எல்லாம் அலறின என்று பிறகு மருத்துவர்களே சொன்னார்கள். 9ஆம் தேதி பஃபலோ மருத்துவமனைக்கு மாற்றம். 11ஆம் தேதி வீடு.

இதற்கிடையில் வெளியே மூன்று விஷயம் ஓடிக்கொண்டிருந்தது.

மோதிய எதிரணி வீரர் மேல் சமூக ஊடகத்தில் பழி விழுந்தது. அவர் விதிப்படி ஓடினார், அவ்வளவுதான். விழுந்தவரின் அம்மா அவரோடு தொடர்பில் இருந்தார். குடும்பத்திடமிருந்து ஆறுதல்தான் வந்தது, குற்றச்சாட்டு இல்லை. இன்னொன்று, தடுப்பூசிதான் காரணம் என்ற வதந்தி. நெஞ்சில் இடித்தது ஊரே பார்த்த காட்சி, அப்படியும் கிளம்பியது.

மூன்றாவது பணம். 2020 டிசம்பரில், பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே, தன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கித் தர ஒரு நன்கொடைப் பக்கம் திறந்திருந்தார். இலக்கு 2,500 டாலர். யாரோ அதைத் தேடி எடுத்துப் பகிர, சில நாளில் 80 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே வாரத்தில், அவரைக் காயப்பட்டோர் பட்டியலில் சேர்த்ததால் ஒப்பந்தப்படி அவர் சொந்தச் சம்பளம் குறைய வேண்டியிருந்தது! அணியும் லீக்கும் வீரர் சங்கமும் பேசி முழுச் சம்பளத்தையும் கொடுத்தார்கள். நல்லது. ஆனால் உலகமே பார்த்த இரவில் விழுந்தவருக்குக் கிடைத்த சலுகை அது. ஒரு பயிற்சி நாளில் முட்டி பிசகும் ஆறாம் சுற்று ஆட்டக்காரருக்கு அந்தப் பிரிவு எழுத்து மாறாமல் அப்படியே பொருந்தும்.

காரணம் என்ன

ஏப்ரல் 18 அன்று அவர் காரணத்தை அறிவித்தார்: கமோஷியோ கார்டிஸ். லத்தீனில் இதயக் குலுக்கல் என்று பொருள்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்காக மின்சாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஈ.சி.ஜி.யில் டி அலை என்று தெரிவது அந்த நேரம். அந்த அலை ஏறும் பக்கத்தில், ஏறத்தாழ 20 மில்லி வினாடி அகலமுள்ள ஒரு இடுக்கில், நெஞ்சில் இதயத்துக்கு நேர் மேலே அடி விழுந்தால் துடிப்பு குலைந்து வெறும் நடுக்கமாகிவிடும். எலும்பு உடைய வேண்டியதில்லை, இதயத்தில் காயம்கூட இருக்காது. பன்றிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வந்த பேஸ்பால்தான் அதிக ஆபத்தாக இருந்தது. அதைவிட வேகமாக வந்ததுகூட அவ்வளவு இல்லை. பலம் மட்டும் கணக்கில்லை, நேரமும் இடமும்தான் கணக்கு.

பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பையன்கள். நெஞ்சுக்கூடு இன்னும் இறுகாத வயது. பேஸ்பால், ஹாக்கி வட்டு, லக்ரோஸ் (வலை கட்டிய கோலால் ஆடும் ஆட்டம்) பந்து, கிரிக்கெட் பந்து: கெட்டியான சின்னப் பொருள்கள். 24 வயது, தோள்கவசம் அணிந்தவர், தோளால் இடிபட்டவர் என்பது இந்த நிகழ்வில் வழக்கத்துக்கு மாறானது.

இதை நேரடியாகக் காட்டும் பரிசோதனை கிடையாது. பிறவிக் குறை, தசைத் தடிப்பு, ரத்தக்குழாய்க் கோளாறு என்று மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கிய பிறகு மிஞ்சுவதுதான் இது. மூன்றரை மாதம் ஆனதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது தீர்மானம்: மறுபடி ஆடலாமா

என்னைக் கேட்டால் இதுதான் மிகக் கடினமான தீர்மானம். அணி மருத்துவர்கள் மட்டும் சொன்னால் போதாது என்று வெளியிலிருந்து மூன்று நிபுணர்களிடம் காட்டினார்கள். மூவரும் ஒத்துப்போனார்கள். இதயத்தில் அடிப்படைக் கோளாறு ஏதும் இல்லையென்றால் முழுதாகத் தேறிய பிறகு ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்பதே அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதலும்.

காகிதத்தில் சரி. ஆனால் மறுபடி ஒருவர் நெஞ்சோடு மோத வேண்டியவர் அவர். அச்சம் இல்லாமல் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. நம்பிக்கை அதைவிடப் பெரிது என்றார். "அதெல்லாம் மறந்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 12 அன்று பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் இறங்கி மூன்று டேக்கிள்கள் செய்தார். அக்டோபர் 1 அன்று முறையான ஆட்டம். ஆனால் 2023 பருவம் முழுக்கச் சேர்த்து ஐந்து ஆட்டம்தான். பெரும்பாலும் பெஞ்சு. பருவத்துக்குப் பிறகு நடக்கும், தோற்றால் வெளியேற வேண்டிய பிளே ஆஃப் ஆட்டம் ஒன்றில் உதைப்பது போலப் போக்குக் காட்டி அவரிடம் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள். ஐந்து கெஜம் தேவை, இரண்டுதான் கிடைத்தது, கன்சாஸ் சிட்டியிடம் தோற்றார்கள். ரசிகர்கள் திட்டினார்கள். ஒரு வருடம் முன் அவருக்காக மெழுகுவத்தி ஏற்றியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். விசித்திரமாக, அது ஒரு நல்ல அறிகுறி என்றே தோன்றுகிறது: அவரை மறுபடி சாதாரண ஆட்டக்காரராகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

2024இல் தொடக்க வரிசை இடம் திரும்பக் கிடைத்தது. செப்டம்பர் 23 அன்று, அதுவும் ஒரு திங்கட்கிழமை இரவு, தொழில்முறை வாழ்க்கையில் முதன்முறையாக எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்தார்.

என்ன மாறியது, என்ன மாற வேண்டும்

2023 மார்ச்சில் லீக் முன்னின்று ஸ்மார்ட் ஹார்ட் ஸ்போர்ட்ஸ் கூட்டணி என்ற ஒன்றைத் தொடங்கியது. பள்ளி விளையாட்டுக்காக அது மாநிலங்களிடம் கேட்பது: ஒவ்வொரு மைதானத்துக்கும் அவசரகாலத் திட்டம், ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் எட்டும்படி அடையாளம் போட்ட ஏ.இ.டி, பயிற்சியாளர்களுக்கு சி.பி.ஆர் பயிற்சி. ஜூலையில் பில்ஸ் மருத்துவக் குழுவுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். கொடுக்க வந்தவர் அவர்கள் காப்பாற்றியவரே. மேடையில் பேச்சு வராமல் அழுதார்.

கவசம் பற்றியும் பேச்சு வந்தது. அமெரிக்காவில் ஆண்கள் லக்ரோஸில் கமோஷியோ கார்டிஸுக்கென்றே தரச்சான்று பெற்ற நெஞ்சுக்கவசம் இப்போது கட்டாயம். அது ஆபத்தைக் குறைக்கும், முழுக்க நீக்காது. அதனால் கவசம் வாங்கிவிட்டோம் என்று ஏ.இ.டி.யைத் தள்ளிப்போடுவது தவறான கணக்கு.

நானாக இருந்தால் இந்த நிகழ்விலிருந்து அந்த 60 நிமிடக் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கூட்டுவேன்: களத்தில் ஒருவருக்கு சி.பி.ஆர் செய்ய நேர்ந்தால் ஆட்டம் அத்தோடு நிற்கும் என்று அறிவிப்பது யார்? பெயரோடு எழுதி வைக்க வேண்டும். நடுவரோ, லீக் பிரதிநிதியோ, யாரானாலும் சரி. அழுதுகொண்டிருக்கும் இருபது வயதுப் பையன்களும் அவர்களுடைய பயிற்சியாளர்களும் அதை நின்றபடி பேசித் தீர்க்கும்படி விடக் கூடாது.

அப்புறம், சின்ன மைதானங்கள். அங்கே 30 மருத்துவப் பணியாளர் கிடையாது, ஆம்புலன்ஸும் கிடையாது. இருப்பது விசிலோடு நிற்கும் ஓர் ஆசிரியர். சில இடங்களில் ஏ.இ.டி இருக்கும், ஆனால் அலுவலக அறைக்குள் இருக்கும். சனிக்கிழமை ஆட்டம் நடக்கும்போது அறை பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.